ரிமினி ப்ரொட்டோகோல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெர்லினில் இருந்து இயங்கும் ரிமினி ப்ரொட்டோகோல் என்ற நாடகக் குழுவைப் பற்றி எங்கே பேசினாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. நடிகர்கள் இல்லாமல் நாடகமா? டெலிபோன் பேசுவது எப்படி நாடகம் ஆகும்? பாவப்பட்ட மனிதர்களை மேடையேற்றிக் காட்டுவது சரியா? ஒவ்வொரு முறையும் பாதியிலேயே நேரம் முடிந்துவிடுகிறது. அதனால் இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

யார் இவர்கள்?

மூன்று பேர்: ஹெல்கார்ட் ஹவுக், டானியல் வெட்ஸல், ஸ்டெஃபான் கேகி. முதல் இருவரும் 1969இல் பிறந்த ஜெர்மானியர்கள். கேகி 1972இல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். மூவரும் சந்தித்தது கீஸென் என்ற சிறு நகரத்துப் பல்கலைக்கழகத்தில். அங்கே 1982இல் தொடங்கிய பயன்பாட்டு நாடகவியல் துறை, மற்ற நாடகப் பள்ளிகளைப் போல நடிப்பு சொல்லித் தரும் இடம் இல்லை. நாடகம் என்றால் என்ன என்று யோசிக்கவும், யோசித்ததை உடனே செய்து பார்க்கவும் இடம் கொடுத்த துறை. நாடகாசிரியரும் இயக்குநருமான ரெனே போலெஷும், ஷீ ஷீ பாப் என்ற நாடகக் குழுவினரும் அங்கிருந்து வந்தவர்கள்தான்.

2000இல் இருந்து இவர்கள் சேர்ந்து வேலை செய்கிறார்கள். சில படைப்புகளை மூவரும் சேர்ந்து செய்வார்கள், சிலவற்றை இருவர், சிலவற்றை ஒருவரே செய்வார். எப்படிச் செய்தாலும் குழுவின் பெயரில்தான் வரும். பெர்லினின் ஹெப்பல் ஆம் ஊஃபர் அரங்கோடு நெருக்கமான தொடர்பு. சுருக்கமாக அதை ‘ஹவ்’ என்பார்கள். கீழேயும் அப்படியே எழுதுகிறேன்.

பெயருக்கும் இத்தாலியில் உள்ள ரிமினி நகரத்துக்கும் சம்பந்தம் உண்டா?

இல்லை. ‘ப்ரொட்டோகோல்’ என்றால் ஜெர்மனில் கூட்டக் குறிப்பு, நடந்ததை நடந்தபடி பதிந்து வைக்கும் ஏடு. அந்தப் பாதிப் பெயர் இவர்களுக்கு நன்றாகவே பொருந்துகிறது.

நடிகர்கள் இல்லையென்றால் மேடையில் நிற்பது யார்?

அந்த விஷயத்தை வாழ்ந்தவர்கள். லாரி பற்றிய நாடகமா, லாரி ஓட்டுநர் வருவார். மரணம் பற்றியதா, அதைத் தொழிலாக வைத்திருப்பவர்கள் வருவார்கள். விமான நிறுவனம் திவாலானது பற்றியதா, அதில் வேலை பார்த்தவர்களே வருவார்கள். பெல்ஜியத்தின் சபேனா 2001இல் மூடப்பட்ட பிறகு, அதன் பழைய ஊழியர்களை வைத்து 2004இல் பிரஸ்ஸல்ஸில் அப்படி ஒரு நாடகமே செய்தார்கள்.

இவர்களைக் குழுவினர் ‘அன்றாடத்தின் நிபுணர்கள்’ என்று அழைக்கிறார்கள். இந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். பயிற்சி இல்லாத நடிகரை ‘அமெச்சூர்’ என்று சொன்னால் அவரிடம் இல்லாததை வைத்து அவரை அளக்கிறோம். ‘நிபுணர்’ என்றால் அவரிடம் இருப்பதை வைத்து அளக்கிறோம். இருபது வருடம் எல்லைச் சாவடிகளில் காத்திருந்த ஓட்டுநருக்குத் தெரிந்தது வேறு எவருக்கும் தெரியாது. மேடை ஏறுவதற்கு அந்த ஒரு தகுதி போதும் என்கிறார்கள். இவர்கள் செய்த எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: ஒரு விஷயத்தைப் பற்றிப் பேச யார் தகுதியானவர் என்ற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகப் பதில் தேடுகிறார்கள்.

முதல் நாடகம் எது?

2000இல் ஃப்ராங்க்ஃபர்ட்டின் மூசோன்டுர்ம் அரங்கில் ஒன்று நடந்தது. குறுக்கெழுத்துப் புதிரையும் கார் பந்தயத்தின் ‘பிட் ஸ்டாப்’பையும் சேர்த்து அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அரங்குக்குப் பக்கத்திலேயே ஒரு முதியோர் இல்லம். எண்பதை ஒட்டிய வயதில் நான்கு பாட்டிகள் அங்கிருந்து வந்து மேடையில் ஃபார்முலா ஒன் பந்தயத்தைப் பற்றிப் பேசினார்கள்.

கேட்டதும் விளையாட்டு மாதிரி தோன்றும். யோசித்துப் பாருங்கள். பந்தய ஓட்டுநரைச் சுற்றி ஒரு கூட்டம் நின்று சக்கரம் மாற்றுகிறது, அந்தக் காலத்தில் பெட்ரோலும் போட்டது, பெல்ட்டை மாட்டிவிடுகிறது. தள்ளாத வயதிலும் சுற்றி நின்று யாரோ கவனித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அங்கே ஒரு நொடி பெரிய விஷயம், இங்கே ஒரு படி ஏறுவது பெரிய விஷயம். ஒரு பாட்டி மேடையைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரத்தை நாடகம் அவருக்குக் கொடுத்தது. நாடகத்தின் வேகத்துக்கு மனிதரை இழுக்காமல், மனிதரின் வேகத்தில் நாடகத்தை நடத்துவது என்ற பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது.

வசனம் உண்டா, வாய்க்கு வந்ததைப் பேசுவார்களா?

வசனம் உண்டு. முதலில் மாதக்கணக்கில் ஆள் தேடுவார்கள், உட்கார்ந்து பேசுவார்கள், பேச்சைப் பதிவு செய்வார்கள். எல்லாரும் தேர்வாவதில்லை. அப்புறம் ஒத்திகையில் அவரவர் சொன்னதை வெட்டி, சுருக்கி, வரிசைப்படுத்தி எழுதுவார்கள். எழுதி முடித்ததும் அந்த நபர் தன் சொந்த வாக்கியங்களையே வசனமாகத் திரும்பச் சொல்ல வேண்டும்.

கஷ்டமே இங்கேதான். பத்து முறை மேடையேறிய பிறகு கைதட்டல் எங்கே வரும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அந்த இடத்தில் குரலைக் கொஞ்சம் ஏற்றத் தோன்றும். நன்றாக நடிக்கத் தொடங்கிவிட்டால் நாடகம் போச்சு. அதனால் அவர்களுக்குக் கையில் ஏதாவது வேலை கொடுத்து வைப்பார்கள்: ஒரு பொருளை எடுத்துக் காட்டுவது, ஒரு கருவியை இயக்குவது. கை வேலை செய்யும்போது வாய் இயல்பாகப் பேசும்.

ஆவண நாடகம் ஜெர்மனிக்குப் புதிதா என்ன?

புதிதில்லை. நிஜச் சம்பவங்களின் ஆவணங்களை மேடைக்குக் கொண்டுவரும் இந்த வகையில், இயக்குநர் எர்வின் பிஸ்காட்டர் 1920களிலேயே மேடையில் செய்திப் படங்களை ஓட்டினார். ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதை முகாம் பற்றிய வழக்கு விசாரணையை அடிப்படையாக வைத்து பீட்டர் வைஸ் எழுதிய நாடகம் 1965இல் ஒரே நாளில் பல ஊர்களில் அரங்கேறியது. ஆனால் அங்கெல்லாம் ஆவணத்தை நடிகர் பேசினார். சாட்சி வேறு, அந்தச் சாட்சியத்தை மேடையில் சொன்னவர் வேறு. ரிமினி அந்த இடைவெளியை எடுத்துவிட்டது. ஆவணமே நடந்து வந்து மேடையில் நிற்கிறது. அதற்கு மூச்சு வாங்குகிறது, மறதி வருகிறது, ஒருநாள் உடம்பு சரியில்லாமலும் போகிறது.

மார்க்ஸின் ‘மூலதன’த்தையே நாடகமாக்கினார்களாமே?

ஆமாம், 2006இல், டூசல்டார்ஃபில், முதல் பாகத்தை. புத்தகத்தில் கதை இல்லை, பாத்திரம் இல்லை. அதனால் அந்தப் புத்தகத்தோடு வாழ்க்கையில் ஏதோ ஒரு விதத்தில் சம்பந்தப்பட்டவர்களைத் தேடிப் பிடித்தார்கள். கிழக்கு ஜெர்மனியில் பொருளாதார வரலாற்று நிறுவனத்தின் கடைசி இயக்குநராக இருந்த தாமஸ் குச்சின்ஸ்கி வந்தார். கால் சென்டரில் வேலை பார்த்த பார்வையற்றவர் ஒருவர் வந்தார். அவர் மேடையில் பிரெய்ல் பதிப்பை விரலால் தடவி மார்க்ஸை வாசித்தார். சூதாட்ட இயந்திரத்துக்கு அடிமையாக இருந்து மீண்டவர் ஒருவரும் இருந்தார்.

லாட்வியாவில் இருந்து வந்த ஒரு திரைப்படக்காரர் சொன்ன சம்பவம்தான் என்னை இன்னும் விடவில்லை. அவர் கைக்குழந்தையாக இருந்தபோது, போரின் அலைச்சலில், ரயில் பயணத்தில் ஒரு பெண் உணவைக் கொடுத்துக் குழந்தையை வாங்கிக்கொள்ளக் கேட்டாராம். தாய் மறுத்துவிட்டார். பண்டம், மாற்று, விலை என்று மார்க்ஸ் பக்கம் பக்கமாக எழுதியதை, ஒருகாலத்தில் விலை பேசப்பட்டவரே எழுந்து நின்று நான்கு வாக்கியத்தில் சொல்கிறார். அந்த இடத்தை எந்த நடிகராலும் நிரப்ப முடியாது.

பார்வையாளர்கள் கையிலும் ஆளுக்கொரு பிரதியைக் கொடுத்துப் பக்கத்தைப் புரட்டச் சொன்னார்கள். 2007இல் இதற்கு ம்யூல்ஹைம் நாடகாசிரியர் பரிசு கிடைத்தது. ஆசிரியர் உட்கார்ந்து எழுதாத பிரதிக்கு நாடகாசிரியர் பரிசா என்று அப்போது பெரிய விவாதமே நடந்தது.

இந்தியாவோடு தொடர்பு உண்டா?

நல்ல தொடர்பு. 2005இல் செய்த ‘கால் கட்டா’வின் பெயரிலேயே கல்கத்தாவும் தொலைபேசி அழைப்பும் சேர்ந்திருக்கின்றன.

பெர்லினில் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஹவ் அரங்குக்குப் போனால் நாற்காலி கிடையாது. கையில் ஒரு செல்போனைத் தருவார்கள். அது அடிக்கும். எடுத்தால் கொல்கத்தாவில் ஒரு கால் சென்டரில் உட்கார்ந்திருக்கும் இளைஞரோ இளம்பெண்ணோ பேசுவார். அவர் பெர்லினுக்கு வந்ததே இல்லை. ஆனாலும் இடப்பக்கம் திரும்புங்கள், அந்தப் படிக்கட்டு தெரிகிறதா, அங்கே நில்லுங்கள் என்று உங்களை உங்கள் ஊரிலேயே வழிநடத்துவார். பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பவர், நீங்கள் தினமும் கடந்து போகும் சுவரை உங்களுக்குக் காட்டிக் கொடுக்கிறார்.

நடக்க நடக்க ஒரு கதை விரிகிறது. நேதாஜி 1941இல் பெர்லினுக்கு வந்து ஹிட்லரின் உதவியை நாடியது, 1943 தொடக்கத்தில் நீர்மூழ்கிக் கப்பலில் ஆசியாவுக்குப் புறப்பட்டது. நேதாஜி என்றதும் நமக்கு சிங்கப்பூரும் மலாயாவும்தான் நினைவுக்கு வரும். அவர் படையில் சேர்ந்த தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள் அல்லவா. அந்தக் கதையின் முந்தைய அத்தியாயம் பெர்லின் தெருக்களில் கிடந்ததை, பெர்லின்வாசிகளில் பலர் ஒரு வங்காளிக் குரல் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள்.

இடையிடையே பேச்சு வேறு பக்கம் போகும். உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, பொய் சொல்லி இருக்கிறீர்களா, எனக்காக ஒரு பாட்டுப் பாடுவீர்களா? எது எழுதிய வசனம், எது அந்த நபரின் சொந்த ஆர்வம் என்று பிரிக்க முடியாது. கால் சென்டரில் தினமும் நடப்பதும் அதுதானே. அமெரிக்க வாடிக்கையாளரிடம் வேறு பெயரும் வேறு உச்சரிப்புமாகப் பேசும் ஒரு ஊழியர் நாள் முழுக்க நடிக்கிறார். இந்த நாடகத்தில் மட்டும் அவர் தன் ஊர்ப் பெயரைச் சொல்லிப் பேசினார்.

2008இல் இதையே ஓர் அறைக்குள் வைத்துச் செய்தார்கள். நீங்கள் தனியாக உட்கார்ந்திருப்பீர்கள். போன் அடிக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே மேசையில் இருக்கும் கெட்டிலில் தண்ணீர் தானாகக் கொதிக்கத் தொடங்கும். கொல்கத்தாவில் இருப்பவர் அங்கிருந்தே உங்களுக்குத் தேநீருக்கு வெந்நீர் வைக்கிறார்!

‘100 சதவீதம்’ என்ற தொடர் என்ன?

ஒரு நகரத்தை நூறு பேராகச் சுருக்குவது. 2008இல் பெர்லினில் தொடங்கினார்கள். வயது, பாலினம், குடும்ப அமைப்பு, வசிக்கும் பகுதி, பிறந்த நாடு என்று அரசுப் புள்ளிவிவரம் என்ன சொல்கிறதோ அதே விகிதத்தில் நூறு பேர் மேடையில் நிற்க வேண்டும். பெர்லினில் ஒருவர் கிட்டத்தட்ட 34,000 பேருக்குப் பிரதிநிதி.

தேர்வு செய்யும் முறைதான் அழகு. முதல் ஆள் புள்ளியியல் துறைக்காரர். அவர் தனக்குத் தெரிந்த ஒருவரைச் சொல்ல வேண்டும், அந்த ஒருவர் அடுத்தவரை. சங்கிலி நீள நீள இடங்கள் நிரம்பிவிடும். கடைசிப் பக்கம் வருபவருக்கு ‘இந்தப் பகுதியில் வசிக்கும், வெளிநாட்டில் பிறந்த, தனியாக வாழும், அறுபது வயதுக்கு மேற்பட்ட ஆண்’ மாதிரி ஒருவரைத் தேட வேண்டியிருக்கும். நம் பழக்க வட்டத்தில் யார் யார் இல்லவே இல்லை என்று அப்போதுதான் தெரியும்.

மேடையில் கேள்வி கேட்கப்படும். ஆமாம் என்பவர்கள் ஒரு பக்கம், இல்லை என்பவர்கள் மறுபக்கம் ஓடுவார்கள். மேலே இருக்கும் கேமராவில் பார்த்தால் அது ஒரு வரைபடம். எதிரே பார்த்தால் மூச்சிரைக்கும் மனிதர்கள். வெளிச்சத்தில் பதில் சொல்லத் தயங்கும் கேள்விகளுக்கு விளக்கை அணைத்துவிட்டுக் கையில் இருக்கும் டார்ச்சை அடிக்கச் சொல்வார்கள். இருட்டில் எத்தனை புள்ளி எரிந்தது என்பது தெரியும், எரிய விட்டது யார் என்பது தெரியாது. லண்டன், மெல்பர்ன், தோக்கியோ என்று பல நகரங்களுக்கு இது போயிருக்கிறது. தமிழர்களும் வாழும் மலேசியாவின் பினாங்கும் அதில் ஒன்று.

அரசோடும் பெரிய நிறுவனங்களோடும் மோதல் வந்ததில்லையா?

வந்தது. 2002 ஜூன் 27 அன்று பெர்லினில் நாடாளுமன்றம் கூடியபோது, உறுப்பினர்கள் பேசுவதைப் பழைய தலைநகர் பானில் இருநூறுக்கும் மேற்பட்ட சாதாரண மக்கள் ஹெட்போனில் கேட்டு அதே நொடியில் திரும்பச் சொல்வதாகத் திட்டம். பானில் உள்ள பழைய அவையிலேயே செய்ய நினைத்தார்கள். நாடாளுமன்றத் தலைவர் வுல்ஃப்காங் தீர்ஸே, அவையின் கண்ணியம் கெடும் என்று இடம் தர மறுத்துவிட்டார். வேறொரு கூடத்தில் நடத்தினார்கள். மக்களின் பிரதிநிதியை மக்கள் பிரதிநிதித்துவம் செய்வதில் எங்கே கண்ணியக் குறைவு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இன்னொன்று 2009 ஏப்ரல் 8. டைம்லர் கார் நிறுவனத்தின் பங்குதாரர் கூட்டத்தையே நாடகம் என்று அறிவித்தார்கள். மேடை, ஒளி, பேச்சு எல்லாம் நிறுவனம் ஏற்கெனவே ஏற்பாடு செய்தவை. இவர்கள் செய்தது, பங்கு வாங்கியும் மற்ற பங்குதாரர்களிடம் அனுமதி பெற்றும் சுமார் இருநூறு பார்வையாளர்களை உள்ளே அனுப்பியது மட்டும். இது நாடகம் அல்ல என்று நிறுவனம் கூட்டத்திலேயே சொல்ல வேண்டி வந்தது. நாடகம் அல்ல என்று மேடையில் அறிவித்தபின் அந்த அரங்கில் யாராலும் அதை வேறு கண்ணால் பார்க்க முடிந்திருக்காது.

‘பங்கேற்பு’ என்றால் நம்மை மேடைக்கு இழுத்து மானத்தை வாங்குவார்களா?

மாட்டார்கள். பலருக்கும் இந்தப் பயம் இருக்கிறது, அதில் தப்பில்லை. இவர்கள் பெரும்பாலும் தருவது ஒரு வேலை, ஒரு பாதை, ஒரு காது நிறையக் குரல்.

2013இல் வந்த ‘சிச்சுவேஷன் ரூம்ஸ்’ ஆயுத வியாபாரம் பற்றியது. ஒரே நேரத்தில் 20 பார்வையாளர்கள். ஆளுக்கொரு ஐபேட், ஹெட்போன். உள்ளே ஒரு முழு வளாகமே கட்டியிருப்பார்கள்: மருத்துவமனை அறை, அலுவலகம், சமையலறை, கூட்ட அரங்கு. திரையில் ஒருவர் இதே அறைகளில் நடந்தபடி தன் கதையைச் சொல்கிறார். திரையில் கதவு திறந்தால் நீங்களும் அந்தக் கதவைத் திறக்க வேண்டும். சில நிமிடம் நீங்கள் போர்க்கள மருத்துவர், அப்புறம் ஆயுதக் கம்பெனிக்காரர், அப்புறம் காங்கோவின் முன்னாள் சிறார் படைவீரர். திரையில் ஒருவர் கை நீட்டுகிறார், நீங்களும் நீட்டுகிறீர்கள். எதிரே நிஜமாகவே இன்னொரு பார்வையாளர் வந்து கையைப் பிடித்துக் குலுக்குகிறார். அவர் அந்த நேரத்தில் வேறு யாரோவாக இருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து நீங்கள் அவர் இடத்தில் இருப்பீர்கள், உங்கள் கையை வேறொருவர் குலுக்குவார். வாங்குபவர், விற்பவர், காயம்பட்டவர் எல்லாரும் ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த அறையில் இருப்பது அப்போதுதான் உடம்பில் உறைக்கும்.

இதைவிட எளிமையானது 2015இல் தொடங்கிய ‘வீட்டு வருகை ஐரோப்பா’. யாரோ ஒருவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஏறக்குறைய பதினைந்து பேர். மேசை முழுக்கக் காகித வரைபடம். அடுப்பில் ஒரு கேக் வெந்துகொண்டிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பேரம், கூட்டணி எல்லாம் விளையாட்டாக நடந்து முடியும்போது அந்தக் கேக்கை எப்படிப் பங்கு போடுவது என்ற பிரச்சினை வரும்.

மேடையில் மனிதரே இல்லாமலும் செய்திருக்கிறார்களா?

2016இல் கேகி லோசானில் செய்த ‘நாஹ்லாஸ்’ அப்படிப்பட்டது. விட்டுச் செல்வது, பாரம்பரியச் சொத்து என்று அதற்குப் பொருள். எட்டுச் சிறு அறைகள். சாவை எதிர்நோக்கியவர்களும், அதைப் பற்றித் தீர்மானம் எடுத்துவிட்டவர்களும் தங்கள் குரலையும் பொருட்களையும் மட்டும் அவற்றில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் சட்டம் அனுமதிக்கும் உதவி பெற்ற மரணத்தைத் தேர்ந்தவர் ஒருவர். பாராசூட்டோடு பாறை உச்சியில் இருந்து குதிப்பதை விடாத இளைஞர் ஒருவர். தன் உடல் இஸ்தான்புல்லுக்குத்தான் போக வேண்டும் என்று ஏற்பாடு செய்து வைத்திருந்த சூரிச் வாழ் துருக்கியர் ஒருவர். கதவு நேரம் வைத்துத் தானாகத் திறக்கும், மூடும். நாமாக ‘இன்னும் கொஞ்சம் இருக்கிறேன்’ என்று சொல்ல முடியாது.

எளியவர்களை மேடையேற்றி இவர்கள் பெயர் வாங்குவது சுரண்டல் இல்லையா?

கேட்க வேண்டிய கேள்வி. மேடையில் நிற்பவர்களுக்குச் சம்பளம் உண்டு. ஆனால் பணம் மட்டும் இதற்குப் பதில் ஆகாது. கெய்ரோவின் பள்ளிவாசல்களில் பாங்கு சொல்லும் நான்கு பேரை வைத்து 2008 கடைசியில் ஒரு படைப்பு வந்தது. எல்லாப் பள்ளிவாசலுக்கும் ஒரே குரலை வானொலி மூலம் அனுப்ப எகிப்து அரசு திட்டமிட்டிருந்த காலம் அது. அவர்களில் ஒருவர் பார்வையற்றவர், ஒருவர் மின் பணியாளர். ஐரோப்பியப் பார்வையாளர்கள் முன்னால் அவர்கள் நிற்கும்போது வேடிக்கைப் பொருளாகிவிடும் ஆபத்து நிச்சயமாக இருந்தது. யார் வெட்டி ஒட்டுகிறார்களோ அவர்களிடம்தான் அதிகாரம் இருக்கிறது. இதை மறைப்பதில் அர்த்தம் இல்லை.

என் பதில் இது: அந்த நபர் மேடையில் ஏதாவது தீர்மானிக்கிறாரா, வெறுமனே காட்டப்படுகிறாரா என்று பார்க்க வேண்டும். 2013இல் ஸ்டுட்கார்ட்டில் ஹவுக்கும் வெட்ஸலும் ஒரு பெண்ணோடு வேலை செய்தார்கள். பள்ளிப் படிப்பு முடித்த கையோடு நீச்சல் குளத்தில் குதித்ததில் கழுத்துக்குக் கீழே அசைவை இழந்தவர். மூச்சுக்கும் இயந்திரம் வேண்டும். கருவிலேயே குறை கண்டறியும் சோதனைகளைப் பற்றி அவர் பேசினார். எந்த வாழ்க்கை வாழத் தகுந்தது என்று மற்றவர்கள் தீர்ப்பு எழுதும் இடத்தில் அவரே கேள்வி கேட்பவராக இருந்தார். 2019இல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் டூரெட் நோய் உள்ளவர்களோடு ஹவுக் செய்ததும் இப்படித்தான். தன்னை மீறிச் சத்தம் வரும் ஒருவரால் இருட்டில் வாய் மூடி உட்கார வேண்டிய அரங்குக்குள் வரவே முடியாது. அப்படியானால் மாற வேண்டியது அவரா, அரங்கின் விதியா?

எல்லாப் படைப்பிலும் இந்தச் சமநிலை கிடைத்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன். கிடைத்த இடங்களில் அது வேறு எங்கும் காணாத மாதிரி இருக்கிறது.

ஜெர்மன் தெரியாமல் பார்க்க முடியுமா?

முடியும். பல படைப்புகள் ஆங்கில வசன வரிகளோடு ஊர் ஊராகப் போகின்றன. சிலவற்றை அந்தந்த ஊர் மொழியிலேயே புதிதாக உருவாக்குகிறார்கள். அவர்கள் இணையதளத்தில் படைப்புகளின் விவரங்களும் காணொளித் துண்டுகளும் இருக்கின்றன.

ஒன்றே ஒன்றைப் பார்க்கலாம் என்றால் எதை?

ஹெல்கார்ட் ஹவுக் எழுதி இயக்கி 2021 டிசம்பரில் ஹவ் அரங்கில் வந்த ‘ஆல் ரைட். குட் நைட்.’ இரண்டு காணாமல் போதல்களை இது பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. 2014 மார்ச் 8 அன்று கோலாலம்பூரில் இருந்து 239 பேரோடு கிளம்பி ரேடாரில் இருந்து மறைந்த எம்எச் 370 விமானம் ஒன்று. அதே காலத்தில் தொடங்கி, மறதி நோயால் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போன ஒரு தந்தை இன்னொன்று. தேடும் குடும்பங்களுக்கு உடல் கிடைக்கவில்லை. அதனால் துக்கத்தைத் தொடங்கவும் முடியவில்லை. இங்கே உடல் எதிரேயே உட்கார்ந்திருக்கிறது, ஆள்தான் கிடைக்கவில்லை.

பெரும்பகுதி யாரும் பேசுவதில்லை. எழுத்து திரையில் வரி வரியாக வருகிறது. இசைக் கலைஞர்கள் வாசிக்கிறார்கள். அரங்கு முழுக்க நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே வரியை ஒரே நேரத்தில் மனதுக்குள் வாசிக்கிறார்கள், ஆளாளுக்குத் தன் அப்பாவின் குரலில்.